தை பிறந்ததும் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்களுக்கு

மதுரையில் மாசி வீதிகளுக்கு உள்ளே காம்பவுண்டு வீடுகள் வைத்திருக்கும் உரிமையாளர்கள் அனைவருக்கும்,

எங்கள் சந்தில் நான்கு காம்பவுண்டுக்காரர்களையும் தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டீர்கள். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் ஒரு மாதம் கூடக் கொடுத்திருக்கிறோம் என்றும் சொன்னீர்கள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சுவர் அளக்க வந்த பெயிண்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நான்கையும் சேர்த்து ஒரே ஆளிடம் மேனேஜ்மென்ட்டுக்கு விடப்போகிறீர்கள். அவர் ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஏசி மாட்டி, ஊர் சுற்ற வரும் இளவட்டங்களுக்குச் செயலி மூலம் நாள் வாடகைக்கு விடப்போகிறார்.

வீடு உங்களுடையது. பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. அதில் தகராறு செய்ய இதை எழுதவில்லை. நீங்கள் குடியிருக்கிற வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுங்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டோம். குடியிருக்கிறவர்களை எழுப்பிவிட்டு, நீங்களும் அங்கே இல்லாமல், காம்பவுண்டு முழுவதையும் இரவுக்கு இவ்வளவு என்று விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவன். கடை அடைக்க இரவு பத்து ஆகும். தீபாவளி நேரத்தில் ஒரு மணி, இரண்டு மணி. நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால்தான் இந்தச் சந்தில் ஒத்திக்கு இருக்கிறேன். எங்கள் காம்பவுண்டில் ஏழு போர்ஷன். எதிர்ப் போர்ஷனில் தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு பட்டறையில் கல் பதிக்கிறவர். அவருக்கு அடுத்து, இரவு எட்டு மணிக்கு மேல் சந்து முனையில் இட்லிக் கொப்பரை ஏற்றும் அக்கா. கடைசியில் பூ கட்டும் பாட்டி. எல்லாருடைய பிழைப்பும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. காலையில் நாலரைக்கு ஒருவர் கிளம்புவார், ராத்திரி இரண்டுக்கு இன்னொருவர் திரும்புவார். இந்த ஊர் ராத்திரியிலும் விழித்திருக்கிறது என்று பெருமை பேசுகிறோமே, விழித்திருக்கிற ஆட்கள் படுக்கிற இடம் இந்தக் காம்பவுண்டுகள்தான்.

நாள் வாடகை எங்களுக்குப் புதிதில்லை. போன வருஷமே எங்கள் காம்பவுண்டில் இரண்டு போர்ஷனை மாற்றிவிட்டார்கள். அதனால் கேள்விப்பட்டதை எழுதவில்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் சாவிப்பெட்டி வந்தது. நம்பர் போட்டால் திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி. அதை எங்கே மாட்டினார்கள் தெரியுமா? வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிப் பூசி நிறமே மாறிப்போன பழைய நிலைக்காலில், குங்குமப் பொட்டுக்கு நேர் மேலே, நாலு திருகாணி போட்டு முடுக்கினார்கள். பர்மா தேக்கு அது. விரிசல் விட்டுவிட்டது. பூ கட்டும் பாட்டி அந்த விரிசலுக்குள் இன்னமும் மஞ்சளை அப்பிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் வந்தது நட்சத்திரம். தங்கிப் போகிறவர்கள் செயலியில் மதிப்பெண் போடுவார்கள் இல்லையா, அதில் ஒருவர், விடிகாலையில் அக்கம்பக்கத்தில் குடம் உருட்டுகிற சத்தம், தூங்க முடியவில்லை என்று எழுதி இரண்டு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார். தண்ணீர் திறந்துவிடுகிற நாளில் அடிகுழாய்ப் பக்கம் குடம் உருளாமல் வேறு என்ன உருளும்? ஆனால் அந்த வாரமே எங்களுக்குச் செய்தி வந்தது. ஏழு மணிக்கு மேல் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். ஏழு மணிக்குக் குழாயில் காற்றுதான் வரும். காலங்காலமாகக் குடியிருக்கிற நாங்கள், இரண்டு ராத்திரி தங்க வந்தவருக்குத் தொந்தரவு ஆகிவிட்டோம். நீங்கள் வாடகை வாங்குகிற வீட்டில் நாங்கள் வாழ்வதே உங்கள் தொழிலுக்குக் கெடுதலாகத் தெரிகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே செயலியில் உங்கள் வீட்டு விளம்பரத்துக்குப் போட்டிருக்கும் படங்களில் எங்கள் முற்றம் இருக்கிறது, கொடியில் காயும் எங்கள் துணி இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரிக்கும் பாட்டி இருக்கிறார். அசல் மதுரை வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று கீழே எழுதியிருக்கிறது. படம் எடுக்கும்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது தை பிறந்ததும் காலி செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் அவரும் இருக்கிறார்.

இன்னொரு சம்பவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுராத்திரி எங்கள் கதவைத் தட்டினார்கள். திருச்சூரிலிருந்து வந்த மூன்று பெண் பிள்ளைகள். அதில் ஒன்றுக்கு வாந்தி, பேதி, நிற்கக்கூட முடியவில்லை. சாவி நம்பர் அனுப்பிய எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள், எடுக்கவில்லை. செய்தி போட்டிருக்கிறார்கள், ‘உங்கள் தங்கல் இனிதாக அமையட்டும்’ என்று தானாக ஒரு பதில் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் சென்னையில். கல் பதிக்கிறவர் போய் ஆட்டோ பிடித்து வந்தார், என் மனைவி கூடப் போனாள், இட்லி அக்கா மறுநாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் ஊருக்குப் போய் நன்றியோடு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். அது வீட்டுக்காரர் கணக்கில் ஏறியது. சரி, நட்சத்திரத்தை வைத்து நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? என் கேள்வி வேறு. ஏழு போர்ஷனும் மாறிய பிறகு அப்படி ஒரு பிள்ளை நடுராத்திரியில் எந்தக் கதவைத் தட்டும்?

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கோயிலைப் பார்த்து, மகாலைப் பார்த்து, ஜிகர்தண்டா குடித்து, கீழடிக்கு ஒரு நடை போய்விட்டு ராமேஸ்வரம் பஸ் ஏறுகிறவர்கள். பெரிய லாட்ஜில் கொடுக்கிற அளவுக்குக் காசு கிடையாது. எங்கள் வயதில் நாங்கள் பார்க்காத ஊரையெல்லாம் இவர்கள் பார்க்கட்டும். என் மகளும் இவர்கள் வயதுதான். உயர் நீதிமன்றக் கிளையில் ஜூனியராக இருக்கிறாள். அவளோடு படித்த வெளியூர்ப் பெண்கள் நகருக்குள் வீடு தேடி அலுத்துப்போய், ஆறு பேர் எட்டு பேராக விடுதியில் அடைந்து கிடக்கிறார்கள். ஊர் பார்க்க வருகிற இளசுக்கு இடம் இருக்கிறது, ஊரில் வேலை பார்க்க வருகிற இளசுக்கு இல்லை. இதை உண்டாக்கியது அந்தப் பிள்ளைகள் இல்லை.

இந்தத் தொழில் எப்படித் தொடங்கியது என்று மகள்தான் எடுத்துச் சொன்னாள். 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்ட முடியாமல் திண்டாடிய இரண்டு இளைஞர்கள், மாநாட்டுக்கு வந்தவர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்திருக்கிறார்கள். தரையில் காற்றடைத்த மெத்தை, காலையில் சாப்பாடு, ஓர் இரவுக்கு 80 டாலர். வந்தது மூன்று பேர். அடுத்த வருஷம் அது ஏர்பிஎன்பி என்ற நிறுவனம் ஆனது. அந்த இரண்டு பேரும் நம்மைப் போல வாடகைக்குக் குடியிருந்தவர்கள், விருந்தாளி வந்தபோது அதே வீட்டில் இருந்தவர்கள். வாடகை கட்ட வழி தேடிப்போய்ப் பிறந்த தொழில், ஊர் ஊராக வாடகையை ஏற்றிவிடுகிறது என்பதைப் பின்னால் உலகம் பார்த்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விட வேண்டுமானால் நகர நிர்வாகத்தில் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், இரண்டு விருந்தாளிக்கு மேல் கூடாது. ஜப்பானில் 2018-ல் வந்த சட்டப்படி வருஷத்துக்கு 180 நாள்தான். பார்சிலோனாவில் பத்து வருஷத்தில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்று சொல்லி, சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் 10,101 வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024 ஜூனில் அந்த ஊர் மேயர் அறிவித்தார். அடுத்த மாதமே மக்கள் தெருவில் இறங்கி, உணவகங்களில் உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். அதை நான் மெச்ச மாட்டேன். நாம் சித்திரையில் அழகர் மேல்தான் தண்ணீர் பீய்ச்சுவோம், அதுவும் பக்தியோடு. வீட்டுக்கு வந்தவர்கள் மேல் பீய்ச்சுகிற நிலைக்கு இந்த ஊரைக் கொண்டுபோய் விடாதீர்கள்.

அமெரிக்கா, ஸ்பெயின் எல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’, ஹோம் ஸ்டே திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து ஆறு அறை வரை விடலாம். ஆனால் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் காம்பவுண்டில் மாற்றிய இரண்டு போர்ஷனில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து தங்கினார்கள். அவர்கள் யார், எவர் என்று பார்த்து எழுதிக்கொள்ள அங்கே யார் இருந்தார்கள்? இரும்புப் பெட்டிதான் இருந்தது.

உங்கள் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், அதுதானே என் வேலை. ஒரு போர்ஷனுக்கு மாத வாடகை 6,000. செயலியில் ஓர் இரவுக்கு 1,800 போட்டிருக்கிறீர்கள். மாதத்தில் பத்து நாள் நிரம்பினாலே 18,000, மூன்று மடங்கு. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதில் செயலிக்காரர் கமிஷன், மேனேஜ்மென்ட் ஆளுடைய பங்கு, தினமும் விரிப்பு துவைக்கிற கூலி, துப்புரவு ஆள், ஏசி, ஏசி இழுக்கிற கரண்ட் எல்லாவற்றையும் கழியுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கும் ஐயப்ப சீசனுக்கும் சனி ஞாயிறுக்கும் கூட்டம் வரும். மற்ற நாளில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படியும் லாபம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த லாபத்தில் ஒரு பகுதி, கணக்கைச் சரியாகக் காட்டாததால் வருவது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் வீட்டில் வாழ்கிறவர்களுக்காகக் கொடுப்பது. வீட்டு வரி என்ற பெயரில் கட்டிக்கொண்டு உள்ளே லாட்ஜ் நடத்துவது, பெருமாள் மேஸ்திரி வீதியில் முறையாக வரி கட்டி லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கும் செய்கிற அநியாயம்.

அந்த வீதியைச் சொன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது, இடிக்க முன்வந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை கொடுத்தார். அந்த வேலையைப் பார்த்த மேஸ்திரி பெயரில்தான் வீதி. நான் வேலை பார்க்கிற கடைக்குப் பக்கத்து விளக்குத்தூணும் பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான். கோட்டையை இடித்ததே ஜனங்கள் குடியேற இடம் வேண்டும் என்றுதான். அதற்கும் முன்னால் ராணி மங்கம்மாள் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டிவைத்தார். ரயிலடிக்கு எதிரே இன்றைக்கும் நிற்கிறது. வந்தவர் தங்க ஓர் இடம், இருப்பவர் வாழ ஓர் இடம் என்று இரண்டுக்குமே இந்த ஊரில் ஏற்பாடு இருந்தது.

இப்போது குடியிருக்கப் புது இடம் முளைக்காது. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-லிருந்து விதி இருக்கிறது. கோபுரம் மறையக் கூடாது, நல்ல விதிதான். ஆனால் மேலே எழுப்ப முடியாத இடத்தில் இருக்கிற வீடுதான் கணக்கு. அதில் ஏழு போனால் ஏழும் போனதுதான். பிறகு நாங்கள் கருப்பாயூரணிக்கும் ஆனையூருக்கும் சக்கிமங்கலத்துக்கும் போக வேண்டும். போகலாம், அங்கேயும் மனுஷர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் ராத்திரி ஒரு மணிக்குக் கடை விட்டு வருகிறவனுக்கு எந்த பஸ்? கொப்பரையையும் மாவுத் தூக்கையும் தினம் ஷேர் ஆட்டோவில் ஏற்றி இறக்கினால் இட்லி அக்காவுக்கு என்ன மிஞ்சும்?

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒத்திப் பணம். மாசம் வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பதும், காலி செய்யும்போது அப்படியே திருப்பி வாங்கிக்கொள்வதும் இந்த ஊர்ப் பழக்கம். நான் கொடுத்திருப்பது நான்கு லட்சம். மனைவியின் நகை அதில் இருக்கிறது. நாளது வரை புது ஆள் ஒத்திக்கு வந்து பணம் கட்டினால்தான் பழைய ஆளுக்குப் பணம் கைக்கு வரும், அதுதான் நடைமுறை. நாள் வாடகைக்கு விட்டால் புது ஒத்தியே கிடையாது. கையிலிருப்பது பெயிண்டுக்கும் ஏசிக்கும் போகிறது. அப்படியானால் எங்கள் பணம் எங்கிருந்து வரும்? இதைக் கேட்டதற்கு, ‘பார்க்கலாம், தை வரட்டும்’ என்றார் எங்கள் வீட்டுக்காரர். பார்க்கலாம் என்ற சொல்லை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாது, ஐயா. புது வீட்டுக்காரர் முன்பணம் கையில் வைத்தால்தான் சாவி கொடுப்பார்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

ஒத்திக்கு இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழுப் பணத்தையும் ஒரே தவணையில், காலி செய்கிற நாளுக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னால் கொடுங்கள். தவணை முறையோ, பின்தேதியிட்ட செக்கோ வேண்டாம். ஒப்பந்தத்தில் இன்னும் காலம் பாக்கி இருக்கிறவர்களை அந்தக் காலம் முடியும் வரை தொடாதீர்கள். இனிமேல் யாரைக் குடிவைத்தாலும் எழுத்தில் வையுங்கள், பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கேட்பதும் அதைத்தான்.

நாள் வாடகைக்கு விட்டே ஆக வேண்டும் என்றால், நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ குடியிருக்கிற காம்பவுண்டில் மட்டும் விடுங்கள். அதிலும் ஒரு போர்ஷனுக்கு மேல் வேண்டாம். மாசி வீதிகளுக்குள் வழக்கிலும் பாகப்பிரிவினையிலும் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை, பழைய துணி மூட்டை போட்டுவைத்திருக்கிற மாடிகள் எத்தனை என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆள் இருக்கிற வீட்டில் கை வைப்பதற்கு முன்னால் அவற்றைத் திறந்து விருந்தாளிக்கு விடுங்கள்.

விடுகிற ஒவ்வொரு அறையையும் முறைப்படி பதிவு செய்யுங்கள். தங்குகிறவர்களின் விவரத்தை நேரில் பார்த்து எழுதிக்கொள்ள ஓர் ஆளை வையுங்கள், ராத்திரியிலும் போனை எடுக்கிற ஓர் எண்ணை வாசலில் எழுதிப் போடுங்கள். தொழிலுக்கு உரிய வரியையும் மின் கட்டணத்தையும் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியைத் தனியாக வையுங்கள். இப்போது இருக்கிற ஒரே தொட்டி, இரண்டு குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் போய் மத்தியானத்துக்குள் காலியாகிவிடுகிறது. எங்கள் படங்களை, முக்கியமாகப் பாட்டியின் படத்தை, விளம்பரத்திலிருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, மேனேஜ்மென்ட் ஆளோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்களோடு ஒருமுறை உட்காருங்கள். கார்த்திகை முடிவதற்குள், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் காம்பவுண்டு முற்றத்தில். நான்கு காம்பவுண்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வருவோம். உரிமையாளர்களில் வெளியூரில் இருப்பவர்கள் போனிலாவது பேசட்டும். வரும்போது யார் யாருக்கு எவ்வளவு ஒத்தி பாக்கி, எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டுவாருங்கள். எங்கள் பக்கத்துக் கணக்கை நான் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்கு காம்பவுண்டுக் குடித்தனக்காரர்கள் சார்பில்,
விளக்குத்தூண் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை